ஃபயர்வாலைக் கழற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலக நெட்வொர்க் பாதுகாப்பு பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஃபயர்வாலின் (நெட்வொர்க்கின் வாசலில் நின்று போக்குவரத்தை வடிகட்டும் பெட்டி) காலம் முடிந்துவிட்டது, இனி எல்லாம் ஸீரோ டிரஸ்ட்தான் (எங்கிருந்து வந்தாலும் நம்பாமல், ஆளையும் சாதனத்தையும் சரிபார்த்தே செயலியைத் திறக்க விடும் முறை) என்பது அதன் சாரம். வெளியிலிருந்து வேலை செய்பவர்களை அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் சங்கேதப் பாதையான விபிஎன் பலவீனமானது என்று அதில் சொன்னது சரி. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஃபயர்வாலையே தூக்கிவிடலாம் என்ற முடிவுக்குப் போனது சரியல்ல. லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் இரண்டில் எதை வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் பலர் இருப்பார்கள். அவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறோம்.

நிறுவனம் முழுவதற்கும் ஒரே விடையைத் தேடுவதுதான் இதில் முதல் பிழை. நெட்வொர்க்கில் ஓடும் ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனியே எடுத்து, அதைத் தொடங்குவது மனிதரா இயந்திரமா என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஓர் ஊழியர் ஒரு குறிப்பிட்ட செயலியைத் திறக்கும் இணைப்புகள் ஸீரோ டிரஸ்ட் என்ற புதிய முறைக்குப் போக வேண்டும், தள்ளிப்போடவும் கூடாது. இயந்திரத்தோடு இயந்திரம் பேசும் இணைப்புகள் பெரும்பாலும் ஃபயர்வாலிடமே இருக்க வேண்டும்.

ஃபயர்வால் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த போர்ட் (கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்), எந்த புரோட்டோகால் (பேசும் முறை); அடிப்படையில் இவ்வளவுதான். ரூல்களை மேலிருந்து கீழாக ஒப்பிட்டுக்கொண்டே வரும். முதலில் பொருந்தும் ரூல் சொல்வதைச் செய்யும். எதுவும் பொருந்தாவிட்டால் கடைசியில் இருக்கும் 'அனைத்தையும் தடு' அமலாகும். 1990-களில் பரவிய ஸ்டேட்ஃபுல் முறை, உள்ளிருந்து கிளம்பிய கேள்விக்கு வரும் பதிலைத் தானே அடையாளம் கண்டு உள்ளே விட்டது. பின்னால் வந்தவை எந்தச் செயலி, எந்தப் பயனர், உள்ளே தாக்குதல் குறி ஏதாவது தெரிகிறதா என்றெல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டன. ஆனாலும் அடியில் கிடக்கும் அனுமானம் மாறவில்லை: உள்முகவரியிலிருந்து வந்தால் நம்பலாம். ஊழியர்களும் சர்வர்களும் ஒரே கட்டடத்துக்குள் இருந்த வரை அந்த அனுமானம் ஓரளவு தாங்கியது. ஊழியர் ஒரு பக்கமும், அஞ்சலும் கணக்கு மென்பொருளும் கிளவுடில் வேறொரு பக்கமும் போன பிறகு, நடுவில் நிற்கும் பெட்டி பார்க்க வேண்டிய போக்குவரத்தில் பெரும்பகுதி அதன் வழியே வருவதே இல்லை.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் விபிஎன் வந்தது. அதன் பலவீனம் சங்கேதமாக்கலில் இல்லை. உள்ளே நுழைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. லாகின் முடிந்ததும் லேப்டாப்புக்கு ஓர் உள்முகவரி கிடைக்கிறது. அந்த முகவரித் தொகுதியிலிருந்து உள் நெட்வொர்க் முழுவதற்கும் அனுமதி என்று ஒற்றை ரூல் எழுதிவிட்டுப் போவதே நடைமுறையாக இருக்கிறது. துறைவாரியாகப் பிரித்து எழுதப் பொறுமை வேண்டும். ஆக, விடுப்பு விண்ணப்பப் பக்கத்தைத் திறக்க வந்தவரின் லேப்டாப்பிலிருந்து டேட்டாபேஸ் சர்வரின் 3389-ஆம் போர்ட்டையும் (தொலைவிலிருந்து திரையை இயக்கும் வாசல்) கோப்பு சர்வரின் 445-ஆம் போர்ட்டையும் (கோப்புப் பகிர்வு வாசல்) தட்டிப் பார்க்கலாம். திருடப்பட்ட ஒரு பாஸ்வேர்டுக்கு இவ்வளவு தூரம் கிடைக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய்வழி நிறுத்தப்பட்டதற்குப் பின்னால் இருந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. பாஸ்வேர்டைத் தாண்டி இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் அந்தக் கணக்குக்கு இல்லை.

இரண்டாவது ஆபத்து, விபிஎன் பெட்டியே. அதன் லாகின் பக்கம் இணையம் முழுவதற்கும் திறந்திருந்தே ஆக வேண்டும். வந்தவர் யார் என்று தெரிவதற்கு முன்பே அவர் அனுப்பும் தரவை அந்தப் பெட்டியின் நிரல் கையாண்டாக வேண்டும். அந்த நிரலில் ஓர் ஓட்டை இருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை. 2024 ஜனவரியில் இவாண்டி நிறுவனத்தின் விபிஎன் பெட்டிகளில் அப்படிப்பட்ட ஓட்டைகள் வெளிவந்தன. மாத இறுதியில், அவற்றை 48 மணி நேரத்துக்குள் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்குமாறு அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்களுக்கு அந்நாட்டு இணையப் பாதுகாப்பு முகமையான சிசா உத்தரவிட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பாலோ ஆல்டோ ஃபயர்வாலின் குளோபல் புரொடெக்ட் என்ற விபிஎன் பகுதியில் வெளிவந்த, சிவிஇ-2024-3400 என்று பதிவான ஓட்டைக்குத் தீவிர அளவீட்டில் பத்துக்குப் பத்து. ஃபோர்டிநெட் பெட்டிகளிலும் இதே வகைக் குறைகள் பல முறை வந்திருக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த இந்த நிகழ்வுகளை ஒரு தயாரிப்பாளரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. திறந்திருக்கும் லாகின் பக்கம் என்ற அமைப்பிலேயே அந்த ஆபத்து இருக்கிறது.

புதிய முறை இந்த இரண்டையும்தான் குறிவைக்கிறது. இது ஒரே நாளில் முளைத்ததல்ல. மதிலை மட்டும் நம்புவது போதாது என்று ஜெரிக்கோ ஃபோரம் என்ற பாதுகாப்பு வல்லுநர் குழு 2004-லிலேயே பேசத் தொடங்கியது. 2010-இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் இதற்கு ஸீரோ டிரஸ்ட் என்ற பெயரைப் பரப்பினார். 2009-இல் தாக்குதலுக்கு உள்ளான கூகுள், தன் ஊழியர்களை விபிஎன் இல்லாமல் வேலை செய்ய வைத்த பியாண்ட்கார்ப் அமைப்பை 2014-இல் கட்டுரையாக வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட 800-207 என்ற ஆவணம் இதற்கான பொதுச் சட்டகத்தைத் தந்தது. முடிவெடுக்கும் இயந்திரம் ஓரிடத்தில், அந்த முடிவை அமலாக்கும் புள்ளி செயலிக்கு அருகில் என்பது அதன் மையம்.

நடைமுறையில் அது இப்படி இயங்கும். செயலி இருக்கும் இடத்தில் கனெக்டர் என்ற சிறு மென்பொருளை நிறுவுகிறோம். அது 443-ஆம் போர்ட் வழியாக வெளிநோக்கி மட்டும் சேவையாளரின் மையத்தோடு இணைந்து நிற்கும். உள்நோக்கி ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டியதில்லை. ஊழியர் செயலியைத் திறக்க முயலும்போது முதலில் அடையாளச் சேவைக்கு அனுப்பப்படுவார். பாஸ்வேர்டு, இரண்டாவது சரிபார்ப்பு, லேப்டாப்பில் நிறுவன சான்றிதழ் இருக்கிறதா, டிஸ்க் சங்கேதமாக்கப்பட்டிருக்கிறதா, பேட்ச் எந்த அளவில் இருக்கிறது என்பனவெல்லாம் பார்க்கப்படும். தேறினால் அந்த ஒரு செயலிக்கு மட்டும் பாதை கிடைக்கும். பக்கத்து சர்வர் இருப்பதே அந்த லேப்டாப்புக்குத் தெரியாது. வெளியிலிருந்து ஸ்கேன் செய்பவருக்கு உங்கள் முகவரியில் லாகின் பக்கம் எதுவும் தென்படாது.

இவ்வளவு நன்மை இருக்கும்போது எல்லாவற்றையும் இதற்கே மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்ற முயல்பவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் இடம், இணைப்பைத் தொடங்கும் திசை. இந்த முறை பயனரிடமிருந்து செயலியை நோக்கிப் போகும் இணைப்புக்காக வடிவமைக்கப்பட்டது. சர்வர் தானே லேப்டாப்பைத் தேடிப் போகும் வேலைகள் இதில் தடுமாறும்: பேட்ச் அனுப்பும் சர்வர், உதவி மையத்தினர் ஊழியரின் திரையை எடுத்துப் பார்ப்பது, உள்வரும் அழைப்பை மணியடிக்க வைக்கும் சாஃப்ட்போன் (கணினியிலேயே ஓடும் தொலைபேசி), ஆக்டிவ் முறை எஃப்டிபி (சர்வரே திரும்ப இணைந்து கோப்பு அனுப்பும் பழைய முறை). சில தயாரிப்புகள் இதற்குத் தனி வழி வைத்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும்.

பிரிண்டர், கேமரா, வருகைப் பதிவுக் கருவி, தொழிற்கூடக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றில் ஏஜென்ட் (பயனரின் சாதனத்தில் இருந்து இந்தச் சேவையோடு இணைக்கும் மென்பொருள்) நிறுவ முடியாது. லாகின் செய்யவும் அங்கே ஆள் இல்லை. 502-ஆம் போர்ட்டில் தொழிற்கூடப் புரோட்டோகாலான மோட்பஸ் பேசும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவிக்கு யார் கட்டளையிடுகிறார்கள் என்று சரிபார்க்கும் வழியே அந்தப் புரோட்டோகாலில் கிடையாது. அதற்குப் பாதுகாப்பு, அதைத் தனிப் பிரிவில் வைத்து, முன்னால் ஃபயர்வாலை நிறுத்தி, இன்ன இரண்டு முகவரிகளிலிருந்து மட்டும் வரலாம் என்று எழுதுவதுதான். இணையம் அறுந்தாலும் ஓட வேண்டிய வேலைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். முடிவெடுக்கும் மையம் கிளவுடில் இருந்தால், வெளி இணைப்பு போன நேரத்தில் பக்கத்து அறையில் இருக்கும் சர்வரைக்கூடத் திறக்க முடியாமல் போகலாம். அதைத் தவிர்க்க உள்ளூரிலேயே அமலாக்கும் புள்ளி ஒன்றை வைத்துக்கொள்ளும் வசதி சில தயாரிப்புகளில் உண்டு, சிலவற்றில் இல்லை.

நம்பிக்கை எங்கே இடம் மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அது மறைவதில்லை, அடையாளச் சேவையின் தலையில் போய் உட்காருகிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், ஓர் ஒப்பந்தப் பணியாளரின் கைபேசிக்கு ஒப்புதல் கேட்டுத் திரும்பத் திரும்ப அறிவிப்பு அனுப்பினார். ஒரு கட்டத்தில் அந்தப் பணியாளர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். 2023 அக்டோபரில் அடையாளச் சேவை நிறுவனமான ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவி அமைப்பே ஊடுருவப்பட்டது. வாடிக்கையாளர்கள் பதிவேற்றியிருந்த கோப்புகளில் இருந்த செஷன் டோக்கன்களை (லாகின் முடிந்ததற்கான மின்னணுச் சீட்டுகள்) எடுத்து, அந்த வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குள் ஊடுருவியவர்கள் புக முயன்றார்கள். ஆகவே புதிய முறைக்குப் போகிறவர்கள் 'ஆம், இல்லை' என்று மட்டும் கேட்கும் கைபேசி அறிவிப்போடு நின்றுவிடக் கூடாது. ஃபிடோ2 தரநிலையைச் சேர்ந்த பாதுகாப்புச் சாவி (லாகினுக்கான சிறு கருவி) அல்லது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகச் சாதனத்தில் இருக்கும் மின்னணுச் சாவி) வேண்டும். நிர்வாகி கணக்குகளுக்குக் கட்டாயம் வேண்டும். போலி லாகின் பக்கத்தில் ஊழியர் ஏமாந்தாலும், டொமைன் பெயர் பொருந்தாததால் அந்தச் சாவி பதில் தராது.

இனி எப்படிப் பிரிப்பது என்பதற்கு வருகிறோம். விலைப்பட்டியல் வாங்குவதற்கு முன் ஃபயர்வாலின் லாகை (நடந்த இணைப்புகளின் பதிவேடு) எடுங்கள். மாத இறுதி வேலைகளும் உள்ளே வரும்படி குறைந்தது 30 நாள். காலாண்டுக் கணக்கு முடிக்கும் இடமாக இருந்தால் 90 நாள். லாக் எழுதும் வசதி பல ரூல்களில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். முதலில் அதைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு ஓர் அட்டவணை: யார் தொடங்குகிறார், எங்கே போகிறது, போர்ட், அந்தச் செயலிக்குப் பொறுப்பாளர் யார், அந்தச் சாதனத்தில் ஏஜென்ட் போட முடியுமா, இணையம் இல்லாமல் ஓட வேண்டுமா. பொறுப்பாளர் யார் என்ற பத்தியை நிரப்புவதில்தான் அதிக நாள் போகும். அந்தப் பத்தி காலியாக இருக்கும் வரிசைகளில்தான் பெரும்பாலும் ஆபத்து ஒளிந்திருக்கும்.

இந்த வேலையின்போதே ரூல்களையும் துப்புரவு செய்யலாம். ஒவ்வொரு ரூலுக்கும் எத்தனை முறை பொருந்தியது என்ற எண்ணிக்கையை ஃபயர்வால் காட்டும். 90 நாளில் ஒரு முறையும் பொருந்தாததை உடனே அழித்துவிடாதீர்கள். செயலிழக்கச் செய்து, தேதியைக் குறிப்பில் எழுதி, இன்னும் ஒரு மாதம் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் ஓடும் வேலை ஏதாவது இருந்தால் அப்போது வெளிப்படும், ஒரு சொடுக்கில் திரும்பக் கொண்டுவரலாம். பூஜ்யம் காட்டும் ரூல் தேவையற்றது என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு மேலே இருக்கும் அகலமான ரூல் ஒன்று எல்லாவற்றையும் முன்கூட்டியே விழுங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் களைய வேண்டியது மேலே இருப்பதை.

அட்டவணை கையில் வந்த பிறகு மாற்றத்தைச் செயலி செயலியாக நடத்த வேண்டும். எல்லாக் கணக்குகளுக்கும் இரண்டாவது சரிபார்ப்பு வந்து, விலகிப் போனவர்களின் கணக்குகள் மூடப்பட்டு, பயனர் குழுக்கள் துறைவாரியாகச் சரியாக அமைந்த பிறகே கனெக்டரைத் தொட வேண்டும். குழுக்கள் குழம்பிக் கிடந்தால் புதிய கொள்கைகளும் அதே குழப்பத்தின் மேல்தான் நிற்கும். கனெக்டர் ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது இரண்டு, வெவ்வேறு வன்பொருளில். இரண்டும் ஒரே ஹோஸ்டில் (அவற்றைத் தாங்கும் கணினி) இருந்தால் அந்த ஹோஸ்டை ரீஸ்டார்ட் செய்யும்போது இரண்டும் சேர்ந்தே போகும். கனெக்டர் உள் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) பெயர்களைத் தானே தேடிக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். ஏஜென்ட் நன்றாக இணைந்தும் செயலி மட்டும் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. முதல் சோதனைக்குத் தொழில்நுட்பத் துறையும் ஒரேயொரு வெப் செயலியும் போதும்.

தொடக்கத்தில் யாருக்கு என்ன தேவை என்று தெரியாததால், உள் டொமைன் முழுவதையும் நட்சத்திரக் குறியிட்டு அனுமதித்து, யார் எதைத் தொடுகிறார்கள் என்று கவனிக்கும் முறை ஒன்று உண்டு. கற்றுக்கொள்ள அது நல்ல வழி. ஆனால் அதற்கு முடிவுத் தேதி வைக்காமல் விட்டால் அந்த நட்சத்திரக் குறி அப்படியே நிலைத்துவிடும். அப்போது நடந்திருப்பது, விபிஎன்னை அதிக விலைக்கு இன்னொரு முறை வாங்கியதுதான். இந்த முறையில் நடக்கும் தவறுகளில் இதையே மிகப் பெரியதாகக் கருதுகிறோம். கவனிப்புக் காலம் நான்கு வாரம் போதும். அதன் பிறகு செயலிவாரியாக, குழுவாரியாக எழுதிவிட்டு நட்சத்திரத்தை நீக்க வேண்டும்.

நீக்கிய பிறகு வரும் புகார்களில் சில கொள்கையோடு சம்பந்தமே இல்லாதவை. லாகின் ஆகிறது, சிறு பக்கங்கள் திறக்கின்றன, பெரிய கோப்பு மட்டும் பாதியில் தொங்கி நிற்கிறது என்றால் பாக்கெட் அளவைப் பாருங்கள். சாதாரண ஈதர்நெட்டில் 1500 பைட் போகும். சங்கேதச் சுரங்கப் பாதை ஒவ்வொரு பாக்கெட்டிலும் சேர்க்கும் தலைப்புகளுக்கு இடம் ஒதுக்கியபின் அதற்கும் குறைவாகத்தான் போகும்; வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் வழக்கமாக 1420 என்று வைத்துக்கொள்வது இதனால்தான். பாக்கெட் பெரிதாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஏதாவது ஃபயர்வால் தடுத்திருந்தால், அனுப்பும் பக்கத்துக்குக் காரணமே தெரியாமல் திரும்பத் திரும்ப அதே அளவில் அனுப்பும். அந்த வகை ஐசிஎம்பியை அனுமதிப்பதோடு, டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் அடங்கும் தரவின் உச்ச அளவு) என்பதை 1360 அளவுக்கு இறக்கினால் பெரும்பாலும் தீரும்.

முகவரி மோதல் இன்னொன்று. செயலியின் பெயரை ஏஜென்ட் ஒரு செயற்கை முகவரியாக மாற்றிக் கொடுக்கும். பல தயாரிப்புகள் அதற்கு 100.64.0.0/10 என்ற தொகுதியைப் பயன்படுத்துகின்றன. இணைய சேவையாளர்கள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தரும் ஏற்பாட்டுக்காக ஒதுக்கப்பட்ட தொகுதியும் அதுவே. சிலரது வீட்டு இணைப்பில் மட்டும் விசித்திரமாகப் பழுதடைவதற்கு இது காரணமாக இருக்கலாம். செயலியைப் பெயரால் கூப்பிடாமல் ஐபி முகவரியை நிரலிலேயே எழுதி வைத்திருக்கும் பழைய மென்பொருள்களுக்கும் தனிக் கவனம் வேண்டும். பழைய விபிஎன்னும் புதிய ஏஜென்டும் ஒரே லேப்டாப்பில் ஒன்றாக ஓடினால் டிஎன்எஸ் யார் கையில் என்பதில் இரண்டும் மல்லுக்கட்டும். லேப்டாப்பின் கடிகாரம் பிசகியிருந்தால் 30 விநாடிக்கு ஒரு முறை மாறும் குறியீடு பொருந்தாது. அடையாளச் சேவை அல்லது செயலி சர்வரின் கடிகாரம் சில நிமிடம் தள்ளியிருந்தால், லாகின் சான்றையே காலாவதி என்று நிராகரித்துவிடும்.

சர்வர் பக்கத்தில் எதிர்பாராத மாற்றம் ஒன்று உண்டு: வரும் எல்லோரும் கனெக்டரின் முகவரியிலிருந்து வருவதாகத் தெரிவார்கள். ஒரே முகவரியிலிருந்து பத்துத் தவறான முயற்சி வந்தால் தடுத்துவிடும் வசதி செயலியில் இருந்தால், யாரோ ஒருவர் பாஸ்வேர்டை மறந்ததற்கு அலுவலகமே வெளியே நிற்கும். எந்தச் சாதனத்திலிருந்து யார் எதைப் பார்த்தார் என்பதை முகவரியை வைத்துச் செயலியின் லாகில் கண்டறியவும் முடியாது. வெப் செயலி என்றால் உண்மையான முகவரியைத் தலைப்பில் கடத்தச் செய்து, அதைக் கனெக்டரிடமிருந்து வரும்போது மட்டும் நம்பும்படி வைக்க வேண்டும். மற்றவற்றுக்குப் புதிய சேவையின் லாகையும் செயலியின் லாகையும் ஒரே இடத்தில் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு தேவை.

இங்கேதான் ஃபயர்வால் மறுபடி வருகிறது. செயலி சர்வரின் முன்னால், இந்த போர்ட்டுக்குக் கனெக்டர்களின் முகவரிகளிலிருந்து மட்டும் வரலாம் என்று ரூல் எழுத வேண்டும். அதை எழுதாவிட்டால் அலுவலக வைஃபையில் உட்கார்ந்திருப்பவர் பழைய பாதையிலேயே நேராக சர்வருக்குப் போய்விடுவார். இவ்வளவு செலவழித்து வைத்த சரிபார்ப்பு எதுவும் அவருக்குப் பொருந்தாது. புதிய முறை அலுவலகத்துக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் ஒன்றுபோல நடந்தால்தான் பொருள் உண்டு. இந்த ஒரு ரூலே இரண்டையும் கோக்கும் ஆணி.

ஃபயர்வாலுக்கு இன்னும் வேலை இருக்கிறது, அதை ஒழுங்காகச் செய்ய வைப்பவர்கள் குறைவு. சர்வர்களிலிருந்து இணையத்துக்குப் போகும் வெளிப்பாதை பல இடங்களில் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. டேட்டாபேஸ் சர்வருக்கு இணையத்தில் என்ன வேலை? பேட்ச் தளம், நேரம் சரிபார்க்கும் சேவை, பேக்கப் இடம் என்று விரல் விட்டு எண்ணும் முகவரிகளைத் தவிர மற்றவற்றை மூடினால், உள்ளே புகுந்த தீநிரல் தன் கட்டளை மையத்தோடு பேச முடியாமல் தவிக்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது 445-ஆம் போர்ட் வழியாக, ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்கு. ஊழியர்களின் லேப்டாப்புகள் ஒன்றோடொன்று அந்த போர்ட்டில் பேச வேண்டிய தேவை பெரும்பாலான அலுவலகங்களில் இல்லவே இல்லை. விண்டோஸிலேயே இருக்கும் ஃபயர்வாலில் உள்வரும் 445-ஐ மூடுவதற்குத் தனிச் செலவு எதுவும் கிடையாது. ஃபயர்வாலின் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக் கூடாது.

பெட்டி வாங்குவோர் விளக்கத்தாளின் முதல் வரியில் இருக்கும் வேகத்தை நம்பி அளவைத் தீர்மானிக்கக் கூடாது. அது வெறும் பாக்கெட்டை வடிகட்டும் வேகம். தாக்குதல் கண்டறிதலும் டிஎல்எஸ் (இணையத் தளங்களின் சங்கேதமாக்கல்) பிரித்துப் பார்த்தலும் போட்ட பிறகு அதில் சிறு பங்குதான் மிஞ்சும். எல்லா வசதியையும் இயக்கிய நிலையில், உங்கள் போக்குவரத்தை வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். டிஎல்எஸ்ஸைப் பிரித்துப் பார்ப்பது எங்கும் செய்யக்கூடியதும் அல்ல. தன் சான்றிதழை மட்டுமே ஏற்கும் செயலிகள் உடைந்துபோகும். வங்கி, மருத்துவத் தளங்களை விலக்கி வைப்பதே முறை.

செலவை ஒப்பிடும்போது இரண்டும் வேறு வேறு வழியில் கணக்காகின்றன. ஃபயர்வாலுக்கு முதலில் பெட்டி, ஒன்று பழுதானாலும் ஓட வேண்டுமானால் இரண்டு பெட்டி, ஆண்டுச் சந்தா, சில ஆண்டுகளில் புதிய பெட்டி. புதிய முறைக்கு ஆள் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு. ஒப்பந்தப் பணியாளரும் தணிக்கையாளரும்கூட அந்தத் தலைக்கணக்கில் வருவார்கள். அடையாளச் சேவையின் உயர் லைசென்ஸும் சாதன நிர்வாக மென்பொருளும் பெரும்பாலும் விலைப்பட்டியலுக்கு வெளியே நிற்கும். அவை இல்லாமல் லேப்டாப்பின் நிலையைச் சரிபார்க்கும் பகுதி வெறும் பெயரளவில்தான் இருக்கும்.

இருபது பேர் வேலை செய்யும், எல்லாச் செயலிகளும் கிளவுடிலேயே இருக்கும் சிறு நிறுவனத்துக்கு இந்த இரண்டு பெரிய செலவும் வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒற்றை லாகின், பாஸ்கீ, லேப்டாப் நிர்வாகம், உள்வருவதையெல்லாம் தடுக்கும் எளிய ரவுட்டர் ஆகியவை போதும். உள்ளே ஒன்றிரண்டு சர்வர் இருந்தால், அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் இருக்கும் இடத்தில் வயர்கார்டு நல்ல தேர்வு. சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே அனுப்பாது. ஸ்கேன் செய்பவருக்கு அங்கே ஒன்றும் இல்லாததுபோலவே தெரியும். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு நிலையான உள்முகவரியைக் கட்டிவிட்டு, அந்த முகவரி எந்த சர்வரின் எந்த போர்ட்டைத் தொடலாம் என்பதை சர்வர் பக்க ஃபயர்வாலில் எழுத வேண்டும். ஆனால் அது அடையாளம் காண்பது சாதனத்தின் சாவியை, ஆளை அல்ல. லேப்டாப் தொலைந்தால் அந்தச் சாவியை உடனே நீக்கும் பழக்கம் வேண்டும்.

அடையாளச் சேவையே செயலிழக்கும் நாளுக்காக இரண்டு அவசர நிர்வாகி கணக்குகளை, அந்தச் சேவையைச் சாராமல், பாதுகாப்புச் சாவியோடு பெட்டகத்தில் வைக்க வேண்டும். அவற்றில் ஒன்று பயன்படுத்தப்பட்டாலே எச்சரிக்கை எழ வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை நுழைந்து பார்த்து, வேலை செய்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும்.

கடைசி வேலை பழைய விபிஎன்னை மூடுவது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று விட்டு வைக்கும் ஆசை எல்லா இடத்திலும் வரும். அப்படி விட்டால் யாரும் பேட்ச் போடாத, யாரும் லாக் பார்க்காத ஒரு வாசல் மிஞ்சும். அட்டவணையில் உள்ள ஒவ்வொரு மனித இணைப்பும் மாறியபின் இரண்டு வாரம் விபிஎன் லாகைக் கவனியுங்கள். யாரும் வரவில்லை என்றால் சேவையை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு வெளியிலிருந்து விபிஎன் பயன்படுத்தும் போர்ட்டுகளான டிசிபி 443, யுடிபி 500, 4500 ஆகியவற்றைத் தட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். கிளை அலுவலகங்களை இணைக்கும் ஐபிசெக் என்ற சங்கேத இணைப்பு அதே பெட்டியில் இருந்தால் 500-உம் 4500-உம் தேவைப்படும். அப்போது எதிர்முனைக் கிளையின் முகவரிக்கு மட்டும் திறந்திருக்கும்படி சுருக்க வேண்டும்.

விற்பனையாளர் செயல்முறை காட்ட வரும்போது நான்கு சோதனைகளை நேரில் செய்து காட்டச் சொல்லுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு சோதனைக் கணக்கில் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டே அந்தக் கணக்கை டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குப் பட்டியல்) முடக்கச் சொல்லுங்கள். திறந்திருக்கும் செஷன் அறுபட எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். சில அமைப்புகளில் டைரக்டரி மாற்றம் போய்ச் சேரவே அரை மணிக்கு மேல் ஆகும்; டோக்கனின் ஆயுள் அதற்கு மேல். லேப்டாப்பின் டிஸ்க் சங்கேதத்தை அணைத்துவிட்டு, நடப்பில் உள்ள இணைப்பு என்ன ஆகிறது என்று பாருங்கள்; லாகினின்போது மட்டும் சரிபார்த்துவிட்டு அப்புறம் திரும்பிப் பார்க்காத தயாரிப்புகள் உண்டு. ஒரு கனெக்டரைப் பிடுங்குங்கள். பிறகு வெளி இணையத்தையே துண்டித்து, அலுவலகத்துக்குள் எதெல்லாம் ஓடுகிறது, எதெல்லாம் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்கள்